சற்றே தாமதித்தால் பணம் தப்பும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் கணினி அறியாதவர் அரிது. கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களின் 332 ஏக்கர் நிலத்தில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய தொழிற்பகுதி இது. பல நாட்டு வங்கிகள் இன்று பயன்படுத்தும் மென்பொருள் இங்கே உருவாகிறது. ஆயினும் இதே பெங்களூருவில், 'டிஜிட்டல் கைது' என்னும் மிரட்டலுக்கு அஞ்சி மென்பொருள் பொறியாளர் ஒருவர் 11 கோடி ரூபாய்க்கு மேல் இழந்த செய்தி 2024 டிசம்பரில் வெளியானது.

ஆகவே, இத்தகைய இழப்புகளுக்கு அறியாமையே காரணம் என்று நாம் சொல்லிவிட முடியாது. போலிக் காவலர் காணொளி அழைப்பில் தோன்றுகிறார், வழக்கு என்கிறார், வீட்டாரிடம்கூடப் பேசாதே என்கிறார். அச்சத்தில் வாடிக்கையாளர் தம் கையாலேயே பணத்தை அனுப்புகிறார். நச்சுநிரலைத் தடுக்கும் மென்பொருளால் இதைத் தடுக்க இயலாது. டிஜிட்டல் கைது என்பது நம் சட்டத்திலேயே இல்லை. பிரதமரும் 2024 அக்டோபரில் தமது வானொலி உரையில் இதைத் தெளிவுபடுத்தினார்.

'விழிப்புடன் இருங்கள்' என்று குறுஞ்செய்தி அனுப்புவதோடு வங்கிகளின் கடமை முடிவதில்லை என்பதே எங்கள் கருத்து. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிப்படி, வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத முறைகேட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ரகசிய எண்ணை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். எனவே, பணம் வெளியேறுமுன் காப்பதே முறை.

புதிய பயனாளிக்குப் பெருந்தொகை செல்லும்போது, அதனைச் சில மணி நேரம் நிறுத்திவைக்கும் வசதி வேண்டும். அட்டைகளுக்கு வரம்பு விதிக்கும் உரிமையை ரிசர்வ் வங்கி 2020இல் வாடிக்கையாளருக்கு அளித்தது. இவ்வரம்பையும் அவரே முடிவு செய்யலாம். மருத்துவச் செலவுக்குத் தடையாகாதா என்ற கேள்வி நியாயமானதே. அத்தகைய அவசரத்துக்குக் கிளை அதிகாரி விசாரித்து விலக்களிக்க வழி இருக்க வேண்டும்.

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்க வரும்போது, 'எதற்காக?' என்று ஊழியர் கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் வாழ்நாள் சேமிப்பைக் காக்கக்கூடும். மிரட்டும் அழைப்பு வந்தால் உடனே துண்டித்து, வீட்டாரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டால், வெட்கத்தால் மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் அக்கணமே தெரிவியுங்கள். அது வேறு கணக்குகளுக்குக் கைமாறுமுன் முடக்குவதற்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.