என் ஓட்டு கிறிசுக்கே!

அல்கராசா, சின்னரா, யார் கெட்டி என்று இன்று நீங்கள் மல்லுக்கட்டுகிறீர்கள். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது, இதே சண்டை கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவரத்திலோவா என்ற இரு வீராங்கனைகளுக்காக நடந்தது.

அமெரிக்காவின் கிறிஸ், பின்கோட்டை விட்டு நகரமாட்டார். தவறே செய்யாமல் பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். எதிராளிதான் பொறுமை இழப்பார். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த மார்ட்டினா, இடது கைக்காரர். சர்வீஸ் போட்ட வேகத்தில் வலைக்கு ஓடி, பந்து தரையைத் தொடும் முன்பே அடித்து முடித்துவிடுவார்!

1973 முதல் 1988 வரை இருவரும் மோதியது 80 முறை. மார்ட்டினா 43, கிறிஸ் 37. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் ஆளுக்கு 18. 'அப்படியானால் மார்ட்டினாதானே பெரியவர்?' என்பீர்கள்.

இல்லை, என் ஓட்டு கிறிசுக்கே. ஏன் தெரியுமா? ஒரு கட்டத்தில் அவர் மார்ட்டினாவிடம் தொடர்ந்து 13 முறை தோற்றார். வேறொருவர் என்றால் மட்டையைப் பரணில் போட்டிருப்பார். கிறிசோ, மார்ட்டினாவைப் போலவே எடை தூக்கி உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்தார். 1985 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்தில், 30 வயதில், 6-3, 6-7, 7-5 என்று மார்ட்டினாவை வீழ்த்தினார். மறு ஆண்டும் அதே இறுதியாட்டம், அதே முடிவு!

மைதானத்துக்கு வெளியே இருவரும் தோழிகள். அதனால், மார்ட்டினா கட்சிக்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்!