பாஸ்போர்ட் பேசும் இங்கிலீஷ்!

ஒரகடம் டீக்கடையில் ஒரு தம்பி என்னை மடக்கினார். பக்கத்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்.

"சார், எங்க கொரியா மேனேஜரோட இங்கிலீஷ் மெயிலையெல்லாம் மூணு வருஷமா நான்தான் திருத்தறேன். இதையே கொரியாவுக்குப் போய்ச் சம்பளத்துக்குச் செஞ்சா என்ன?"

செய்யலாம்தான். ஆனால் அங்கே முதலில் கிராமரைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். விசாவுக்குப் பெயர் இ-2. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா - இந்த ஏழு நாட்டுக்காரர் என்றால் ஏதோ ஒரு டிகிரியும் போலீஸ் சான்றிதழும் இருந்தால் மனு போடலாம். விலங்கியல் படித்தவர்கூட 'வெர்ப்' நடத்தலாம்!

நமக்கு? கதவு இல்லை; ஒரு ஜன்னல் உண்டு. 1.1.2010-ல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தப்படி நம்மவர்கள் அங்கே பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராகலாம். ஆங்கிலத்திலேயே பட்டம் வேண்டும். கூடவே ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும்.

தம்பி முகம் சுருங்கியது. "நான் பி.காம். சார். ரெண்டு லட்சம் கட்டினா போதும்னு ஏஜெண்ட் சொன்னாரே?"

"கட்டிட்டீங்களா?"

"நாளைக்கு."

நல்லவேளை! "வீட்ல வேற யாராவது இங்கிலீஷ் படிச்சிருக்காங்களா?"

"தங்கச்சி. பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். சும்மாதான் இருக்கா. மாப்பிள்ளை பாக்கறோம்."

"அந்த ஜன்னல் அவங்களுக்குத்தான் தம்பி. ஏஜெண்ட்டை விடுங்க, அவங்களைக் கேளுங்க."

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. டீ ஆறிவிட்டது. செல்போன் கூப்பிட்டது. மேனேஜர்தான், திருத்த மெயில் வந்திருக்கிறதாம்!