சுருக்கமும் குழப்பமும்

சொல்லைச் சுருக்கி எழுதினால் நேரம் மிச்சம் என்கிறோம். யாருடைய நேரம்? எழுதுபவருடையதா, படிப்பவருடையதா? ஒரு விளையாட்டைக் கொண்டு இதை ஆராய்வோம்.

மேசைமேல் வரைபடத்தை விரித்து, பொம்மை வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. நம் சதுரங்கத்துக்கு உறவுக்காரன் என்று சொல்லலாம். பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் 1824இல் இதற்கு விதிநூல் எழுதினார். விஞ்ஞானக் கதைகளுக்குப் பேர்போன எச்.ஜி. வெல்ஸும் 1913இல் ஒரு விதிநூல் வெளியிட்டார். எந்த ஆயுதம் எவ்வளவு தொலைவு எட்டும் என்பதையெல்லாம் இத்தகைய விளையாட்டுகளில் அட்டவணைகள் கூறும். அட்டவணையில் இடம் குறைவு. ஆகவே ஆயுதங்களின் பெயர்கள் ஓரிரு எழுத்துகளாகச் சுருங்கிவிடுகின்றன. தொல்லை இங்கேதான் பிறக்கிறது.

1791 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியது. திப்பு சுல்தானின் வீரர்கள் காத்து நின்ற அக்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. இப்போரை நீங்கள் ஒரு விளையாட்டாக அமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் ‘6 ப.’ என்று எழுதுகிறீர்கள். 6 பவுண்டு பீரங்கி என்பது உங்கள் எண்ணம். உங்கள் நண்பரோ ஆறு படைவீரர் என்று படிக்கிறார்! ‘கு.’ என்றால் குதிரையா, குண்டா? சரி, ‘6 பவுண்டு’ என்றே எழுதினாலும் போதாது. அது பீரங்கியின் எடையன்று; பீரங்கி வீசும் இரும்புக் குண்டின் எடை. ஏறத்தாழ 2.7 கிலோகிராம். பீரங்கியை இழுக்கவோ மாடுகளைப் பூட்ட வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் விளையாட்டுகளில் குழப்பம் இன்னும் பெரிது. ஆங்கிலத்தில் எஸ்.எம்.ஜி. என்பது ‘சப் மெஷின் கன்’. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் சிறு ஆயுதம் இது. இருநூறு மீட்டருக்கு அப்பால் அதிகம் பயன்படாது. ஜெர்மன் மொழியிலோ அதே மூன்று எழுத்துகள் கனமான இயந்திரத் துப்பாக்கியைக் குறிக்கும். மூன்று கால் தாங்கியில் வைத்துச் சுட்டால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் எட்டும். ஜெர்மானியர் ‘எஸ்’ என்பதைச் சிறிய எழுத்தில் எழுதுவர். ஆங்கிலேயர் பெரிய எழுத்தில் எழுதுவர். தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது!

விளையாட்டில் தவறினால் ஒரு பொம்மை சாயும், அவ்வளவுதானே என்கிறீர்களா? ஓசூர்ப் பட்டறைகளுக்கு வாருங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுவோர் அருகருகே வேலை செய்யும் எல்லைப் பகுதி அது. எம்.எஸ்., எஸ்.எஸ்., எச்.எஸ்.எஸ். என்பவை அங்கே அன்றாடச் சொற்கள். முதலாவது மென்மையான எஃகு (மைல்டு ஸ்டீல்). இரண்டாவது துருப்பிடிக்காத எஃகு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). மூன்றாவது துளையிடும் கருவிகளுக்கான எஃகு (ஹைஸ்பீடு ஸ்டீல்). ஒரே ‘எஸ்’ ஸ்டீல், ஸ்டெயின்லெஸ், ஸ்பீடு என்று மூன்று வேடம் போடுகிறது. எச்.எஸ்.எஸ். என்பதையும் துருப்பிடிக்காத எஃகு என்று நம்பித் தண்ணீரில் போட்டுவைத்தால் துரு ஏறும். போதாததற்கு, மேல்நிலைப் பள்ளியின் பெயர்ப்பலகையிலும் எச்.எஸ்.எஸ். இருக்கிறது!

மருத்துவத்தில் இது உயிர்ப் பிரச்சினை. எம்.எஸ். என்று மருந்துச் சீட்டில் எழுதினால் மார்ஃபின் சல்பேட் என்றும் கொள்ளலாம், மக்னீசியம் சல்பேட் என்றும் கொள்ளலாம். முன்னது கடும் வலியை அடக்கும் மருந்து. பின்னது பேறுகால வலிப்புக்குக் கொடுப்பது. எனவே அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு ஒன்று, பயன்படுத்தக்கூடாத சுருக்கங்களின் பட்டியலை 2004இல் வெளியிட்டபோது எம்.எஸ். என்பதையும் அதில் சேர்த்தது.

அப்படியானால் சுருக்கங்களே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். வேதியியலைப் பாருங்கள். தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு தரும் முறையைப் பெர்சீலியஸ் 1813இல் முன்வைத்தார். இன்று இரும்பின் குறியீட்டைச் சென்னை மாணவரும் ஜப்பான் மாணவரும் ஒன்றாகவே படிக்கிறார்கள். காரணம், ஒரு குறிக்கு ஒரே பொருள் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புதல் இல்லாத சுருக்கம் எழுதியவருக்கு மட்டுமே விளங்கும். ஏனெனில் அதன் விரிவு அவர் மனத்தில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது. விளையாட்டு விதியோ, ஆய்வுக்கூடக் குறிப்பேடோ, எதுவானாலும் முதன்முறை வரும்போது முழுச் சொல்லை எழுதுங்கள். ஒரு சுருக்கத்துக்கு ஒரே பொருள் கொடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில், அது எதை அளக்கிறது என்று சொல்லுங்கள். அட்டவணையின் அடியில் விளக்கப் பட்டியல் கொடுங்கள். எழுதி முடித்ததும், உங்களோடு அந்தப் பாடத்தைப் படிக்காத ஒருவரிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். அவர் உங்களைக் கேட்காமலே புரிந்துகொண்டால் அது நல்ல சுருக்கம். ‘இது என்ன?’ என்று கேட்டாரானால், மிச்சம் பிடித்த மையைச் செலவழித்து முழுச் சொல்லையும் எழுதிவிடுங்கள்!