பார்ட்டில்பியும் எங்கள் கடைப் பொடியனும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். கடை வைத்திருப்பவர்கள் நேரம் இல்லாவிட்டாலும் வாசியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பொடியன். ஓ.எல்லோடு நிறுத்திவிட்டு இரண்டு வருடமாக உடுப்புக் கடையொன்றில் நின்றவன். இந்த நோன்பில் இருபதாம் இரவு, "பத்து மணிக்குப் பிறகு நிக்க ஏலாது" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டான். பெருநாள் வியாபாரம், கடை இரவு ஒரு மணி வரை திறந்திருக்கிறது. "அப்படியென்றால் நாளைக்கு வராதே" என்று முதலாளி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவனுக்குப் பெயர் நன்றி கெட்டவன்.

தராவீஹ் முடிந்து பள்ளி வாசலில் நிற்கும்போது நண்பர் ஒருவர், கதை நாவல் என்று நிறைய வாசிக்கிறவர், சிரித்துக்கொண்டு சொன்னார்: "சேர், உங்கட பொடியன் பார்ட்டில்பி ஆகிட்டான்."

சுற்றி நின்றவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதில்தான் இது.

தெரியாதவர்களுக்காக: பார்ட்டில்பி ஒரு கதைப் பாத்திரம். 'மோபி டிக்' எழுதிய அமெரிக்கர் ஹேர்மன் மெல்வில் 1853இல் எழுதிய கதை. நியூயோர்க், வோல் ஸ்ட்ரீட்டில் வயதான ஒரு சட்டத்தரணியின் ஒபிஸ். ஃபோட்டோகொப்பி இல்லாத காலம், பத்திரங்களையெல்லாம் கையால்தான் பிரதி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு வருகிறவன் பார்ட்டில்பி. ஆரம்பத்தில் இரவு பகலாக எழுதித் தள்ளுகிறான். மூன்றாம் நாள், பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வா என்று கூப்பிட்டால், மிக மரியாதையாக மறுத்துவிடுகிறான். காரணம் சொல்வதில்லை. தபால் கந்தோருக்கு ஒருக்கா போய்வா என்றாலும் அதே பதில். கடைசியில் பிரதி எடுப்பதையும் நிறுத்திவிடுகிறான். ஆனால் ஒபிஸை விட்டுப் போவதில்லை, இரவில் படுப்பதும் அங்கேதான். தாங்க முடியாமல் சட்டத்தரணியே ஒபிஸை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறார். பிறகு பொலிஸ் அவனைப் பிடித்துச் சிறையில் போடுகிறது. அங்கே சாப்பிடவும் மறுத்து, செத்துப்போகிறான்.

இதை வாசித்தவர்கள் சிலர் அவனைச் சோம்பேறி என்பார்கள், சிலர் புரட்சிக்காரன் என்பார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அவனுடைய முதல் மறுப்பையும் கடைசி மறுப்பையும் ஒரே தராசில் போடுவதுதான் பிழை.

முதல் மறுப்பை எடுங்கள். அந்த ஒபிஸில் கூலி எப்படி? நூறு சொல் எழுதினால் நான்கு சதம். எழுதினால்தான் காசு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தனியாகக் காசு என்று கதையில் எங்கேயும் எனக்குத் தென்படவில்லை. சட்டத்தரணி சொல்லும் நியாயம் என்ன? இது வழமை, எல்லா எழுத்தரும் செய்வதுதான். வழமை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கள் பஸார்தான் ஞாபகம் வந்தது. பொடியனை எடுப்பது துணி காட்டி விற்க. ஆனால் லொறி வந்தால் பார்சல் இறக்குவதும் அவன், முதலாளியின் வாகனத்தைக் கழுவுவதும் அவன், முதலாளியின் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வருவதும் அவன். "தம்பி, ஒருக்கா..." என்று தொடங்குகிற அந்த வேலைகளுக்குக் கணக்கு இல்லை. அதில் ஒன்றுக்கு ஒருவன் மாட்டேன் என்றால், அவன் வேலைக்கே மாட்டேன் என்றதாகத்தான் ஊர் கேட்கிறது.

பார்ட்டில்பியின் பின்னைய மறுப்புகளை நான் நியாயப்படுத்த வரவில்லை. அவன் ஒப்பிட மறுத்ததும் அந்த வேலை டேர்கி, நிப்பர்ஸ் என்ற மற்ற இரண்டு எழுத்தர்களின் தலையில் விழுந்தது. வேலையும் செய்யாமல் இடத்தையும் விடாமல் இருப்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் இடமில்லை. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினோமே, அதில் நானும் இருந்தேன். கோரிக்கை சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த மாதங்களின் பாரம் அமைச்சின் தலையில் விழவில்லை, பிள்ளைகளின் தலையில்தான் விழுந்தது. கொரோனாவால் ஏற்கனவே பாடசாலை இல்லாமல் இருந்த பிள்ளைகள்.

சரி, கடைக்கு வருவோம். அந்தப் பொடியன் யார் தலையிலும் எதையும் போடவில்லை. காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை நிற்கிறேன் என்கிறான். அதற்கு மேல் நிற்பதென்றால் ஓவர்டைம் கேட்டான். "பெருநாள் காலத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை மகன்" என்றார் முதலாளி. இரவு ஒரு மணிக்குக் கடை பூட்டி, வீடு போய், சஹருக்கு எழும்பி, திரும்ப ஒன்பதுக்கு வர வேண்டும். பார்ட்டில்பி காரணம் சொல்லாதவன். இவன் காரணத்தைச் சொல்லித்தான் மறுத்தான். வேலையை விடவும் இல்லை, நேரத்தைத்தான் சொன்னான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. மேலதிக வேலை கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, அதற்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். ஈ.பி.எஃப். முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். எங்கள் பஸாரில் எத்தனை பொடியன்மாருக்கு ஈ.பி.எஃப். இலக்கம் இருக்கிறது? கை உயர்த்தச் சொன்னால் யார் உயர்த்துவீர்கள்?

முதலாளிமாரின் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. ஒரு மாத வியாபாரம்தான் வருடம் முழுக்கக் கடையைத் தூக்கி நிறுத்துகிறது, சனம் வருவதும் தராவீஹுக்குப் பிறகுதான். திறந்து வையுங்கள். இரண்டு ஷிப்ட் போடுங்கள், அல்லது ஒன்றரை மடங்கைக் கொடுங்கள்.

"பெருநாளைக்குச் சாரன், ஷேர்ட் கொடுக்கிறோமே, உம்மாவுக்கு ஸகாத்தும் கொடுத்தோமே" என்று சொன்னார்களாம். கதையில் வரும் சட்டத்தரணியும் நல்ல மனிதர்தான். பார்ட்டில்பியைத் தன் வீட்டுக்கே வந்து தங்கச் சொல்கிறார். ஆனால் பாருங்கள், அவன் மேசை இருந்த ஜன்னலுக்கு மூன்று அடிக்கு அப்பால் சுவர். மங்கிய வெளிச்சத்தில் எழுதி எழுதிக் கண் பழுதாகிவிட்டதோ என்று சட்டத்தரணியே நினைக்கிறார். மேசையை வெளிச்சமான பக்கம் மாற்றினார் என்று கதையில் இல்லை. இரக்கப்படுவது அவருக்கு லேசாக இருந்தது, வேலையின் நிபந்தனையில் கை வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஸகாத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்க முடியாது என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். மூஸா நபியை வேலைக்கு எடுத்த பெரியவர் எட்டு வருடம் என்று முதலிலேயே பேசினார், பத்து ஆக்குவதை அவர் விருப்பத்துக்கு விட்டார். சூரா கஸஸில் இருக்கிறது. மேலதிக இரண்டு வருடத்தை அவர் வழமை என்று சொல்லிக் கேட்கவில்லை.

வாப்பாமாருக்கும் ஒன்று. அந்தக் கதையில் யாரும் கவனிக்காத ஒருவன் இருக்கிறான். ஜிஞ்சர் நட் என்று கூப்பிடுவார்கள். வயது பன்னிரண்டு. தகப்பன் வண்டிக்காரர். மகன் வண்டியில் காலம் கழிக்காமல் நீதிபதியாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, சட்டம் பழகட்டும் என்று அந்த ஒபிஸில் விடுகிறார். பிள்ளை கூட்டுகிறான், துடைக்கிறான், எழுத்தர்களுக்குக் கேக் வாங்கி வருகிறான். கிழமைக்கு ஒரு டொலர். அவன் எதையும் மறுப்பதில்லை, அதனால் அவனைப் பற்றி யாரும் விவாதிப்பதும் இல்லை. இப்போது எங்கள் நாட்டில் பதினாறு வயதுக்குக் கீழே வேலைக்கு எடுக்கக் கூடாது. ஆனாலும் ஒன்பதாம் ஆண்டில் ஒரு பிள்ளை வருவதை நிறுத்தி நான் வீட்டுக்குத் தேடிப் போனால், "கடையில் நிண்டா வியாபாரம் பழகுவான் சேர்" என்ற பதில்தான் வருகிறது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அவன் பழகியிருப்பது பார்சல் கட்ட. கொள்வனவுக் கணக்கை எந்த முதலாளி அவனுக்குக் காட்டினார்?

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவும் எழுதியதில் பிரயோசனமில்லை. பார்ட்டில்பியைப் போகச் சொன்னபோது சட்டத்தரணி அவனுக்குச் சேர வேண்டிய 12 டொலரைக் கணக்குப் பார்த்து மேசையில் வைத்தார், மேலே 20 டொலரும் வைத்தார். ஒரு வேலையும் செய்யாமல் இருந்தவனுக்கு. எங்கள் பொடியன் இந்த நோன்பில் இருபது நாள் நின்றிருக்கிறான். அந்தச் சம்பளம் இன்னும் அவன் கைக்கு வரவில்லை. "பெருநாள் முடிந்து வா, பார்ப்போம்" என்று சொல்லப்பட்டிருக்கிறது.

இன்ஷா அல்லாஹ், நாளை அஸருக்குப் பிறகு நானும் அவனுடைய வாப்பாவும் கடைக்குப் போகிறோம். சண்டைக்கு இல்லை. இருபது நாள் கணக்கைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளி நிர்வாகத்தில் யாராவது கூட வர விரும்பினால் சந்தோஷம். முதலாளி ஹாஜியாரும் இந்தப் பதிவைப் பார்ப்பார் என்று தெரியும். அந்த நேரம் கடையில் நின்றால் நல்லது, ஹாஜியார்.