எச்சரிக்கை யாருக்கு?



ஐப்பசி அடைமழை கோவில்பட்டிக் கரிசலுக்கு உயிரூட்டும் காலம். உளுந்தங்காட்டிலே களையெடுத்தோரும், தீப்பெட்டி ஆலையிலே பகலெல்லாம் உழைத்தோரும் வீடு திரும்பும் வேளையில் மண்ணும் கருமை, தாரும் கருமை, வானும் கருமை! அந்த இருளைக் கிழித்துக்கொண்டு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலே கார்கள் பறக்கின்றன.

காருக்குள் இருப்போரை எச்சரிக்கச் சட்டம் உண்டு. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் வேக எச்சரிக்கை ஒலி கட்டாயம். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120ஐத் தாண்டினால் ஓயாது ஒலிக்கும். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆனால் 80ஐத் தொடும்வரை அது வாய் திறவாதே! அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. தாழ்த்திய விளக்கோ ஏறத்தாழ 50 மீட்டர்தான் காட்டும். புல்லுக்கட்டோடு சாலையைக் கடக்கும் தாய் கண்ணில் பட்டபின் எஞ்சுவது இரண்டே நொடி. நனைந்த சாலையில் வண்டி நிற்குமா?

2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் இருசக்கர வண்டியில் சென்றோர் 74,897 பேர். நடந்து சென்றோர் 32,825 பேர். ஐவரில் மூவருக்கு மேல் இவர்களே! அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். இதைத் தலைவிதி என்று தேறுதல் சொல்வதா? விதியன்று; விளக்கின்மை!

வழி இல்லாமலா போயிற்று? 1934இல் இங்கிலாந்தின் பெர்சி ஷா, சாலையில் பதிக்கும் 'பூனைக்கண்'ணைக் கண்டார். மின்சாரம் வேண்டாம், வரும் வண்டியின் ஒளியை வாங்கி அதனிடமே திருப்பித் தரும். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய இருசக்கர வண்டிகளின் முன்விளக்கு பகலிலும் எரிகிறதே, ஏன்? பார்ப்பதற்காக மட்டுமன்று, பிறர் கண்ணில் படுவதற்காக! அந்த நியாயம் நடப்பவனுக்கும் வேண்டாமா?

எனவே தோழர்களே, வரும் கிராம சபையிலே தீர்மானம் கொண்டு வாருங்கள். ஊர்ச்சாலை நெடுஞ்சாலையைச் சேரும் சந்திதோறும் விளக்கு. பெயர்ந்த பூனைக்கண்ணுக்குப் புதியது. டிராக்டர் பெட்டிக்கும் மாட்டு வண்டிக்கும் மிதிவண்டிக்கும் ஒளி திருப்பும் பட்டை. பட்டை ஒட்டும் பணியை மன்றங்களே இன்று தொடங்கலாம். விளக்கை அரசிடம் கேட்டுப் பெறவேண்டும். தீர்மானத்தோடு நில்லாதீர்கள், விளக்கு எரியும்வரை ஓயாதீர்கள்!