வயசுக்கு காசா... டப்பாவுக்கு காசா?

'ஆஹா, இந்த வாரம் சரக்கு மேட்டர்டா'ன்னு பேப்பரை மடிச்சு நோட்டுக்குள்ள ஒளிக்கிறவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாது. அதனால செகண்ட் இயர் சிங்கங்கள் இதைப் பொது அறிவா மட்டும் படிச்சுக்கங்க!

என் ஃபைனல் இயர் ஃபீஸைக் கட்டினது மாமா. அம்மாவோட தம்பி. கப்பல்ல குக்கா இருபது வருஷம் சுத்திட்டு திருச்சியில செட்டில் ஆனவர். எனக்கு வேலை கிடைச்சதும் ட்ரெயினிங்குக்கு சிங்கப்பூர் அனுப்பினாங்க. திரும்பும்போது மாமாவுக்கு ஒரு ஸ்காட்ச் வாங்கலாம்னு ஏர்போர்ட் கடைக்குள்ள நுழைஞ்சேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே ஃபார்முலா, விலை ஜாஸ்தின்னா சரக்கு ஒசத்தி. மரப்பெட்டி, உள்ளே பட்டுத்துணி, தங்க எழுத்து... முதல் சம்பளத்துல கால்வாசி காலி!

மாமா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டி சூப்பர் மாப்ளே. உங்க அத்தை ஊசி நூல் போட்டு வச்சுக்குவா" என்றார். அப்புறம் மெதுவா, "இதுல வயசே போடலையேடா?"

அன்னிக்கு ராத்திரி மொட்டைமாடியில நடந்த கிளாஸ்தான் இது.

வயசுன்னா என்ன?

ஸ்காட்ச்னு பேர் வைக்கணும்னா ஸ்காட்லாந்துல ஓக் மரப் பீப்பாய்ல குறைஞ்சது 3 வருஷம் ஊறியிருக்கணும். இது சட்டம். லேபிள்ல '12'னு இருந்தா, உள்ளே கலந்திருக்கறதுலயே சின்ன விஸ்கிக்கு 12 வயசுன்னு அர்த்தம். பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாப் போயிடும். 'தேவதைகளின் பங்கு'ன்னு அதுக்குச் செல்லப்பேர். 200 லிட்டர் ஊத்தினா 12 வருஷத்துல 157 லிட்டர் மிஞ்சும். 18 வருஷம்னா 139 தான். ஆவியானது, கிடங்குச் செலவு, முடங்கிக் கிடந்த முதல்... எல்லாம் சேர்ந்து நம்ம தலையில! பெங்களூரு வெயில்ல இந்தப் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டும். அங்கே விஸ்கி சீக்கிரமே முதிர்ந்துடும். அதனால ஸ்காட்லாந்து வயசையும் நம்ம அம்ருத் மாதிரி இந்திய சிங்கிள் மால்ட் வயசையும் ஒண்ணா எடை போடக் கூடாது.

இன்னொண்ணு. பாட்டில்ல அடைச்சதும் வயசு நின்னு போயிடும். பீரோவுல பத்து வருஷம் பூட்டி வச்சாலும் 12, 12-தான்!

சிங்கிளா, பிளெண்டடா?

ஒரே ஆலையில, மால்ட் பார்லியில மட்டும் தயாரானா சிங்கிள் மால்ட். அதோட, குறைஞ்ச செலவுல வடிக்கிற தானிய விஸ்கியைக் கலந்தா பிளெண்டட். விலையும் குறையும். "சோடா ஊத்திக் குடிக்கிறவனுக்கு எதுக்குடா ஒசந்த சிங்கிள் மால்ட்? 12 வருஷ பிளெண்டட் தாராளம்" என்றார் மாமா. பிளாக் லேபிள், சிவாஸ் ரீகல் 12 எல்லாம் அந்த ரகம்தான்.

இங்கே ஏன் இந்த விலை?

வெளிநாட்டு பாட்டிலுக்கு இந்தியாவுல பல வருஷமா இறக்குமதி வரியே 150 சதவீதமா இருந்துச்சு. மாநில வரி தனி. 2025 ஜூலையில கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தப்படி ஸ்காட்சுக்கு அது முதல்ல 75 ஆகி, பத்து வருஷத்துல 40-க்கு இறங்கணும். ஆக, இங்கே நாம கொடுக்கற காசுல பெரும்பங்கு ருசிக்கு இல்ல, வரிக்கு! உள்ளூர் மலிவு விஸ்கி பெரும்பாலும் கரும்பு மொலாசஸ்ல வடிச்ச ஸ்பிரிட். ஐரோப்பாவுல அதை விஸ்கின்னு சொல்லி விற்கவே முடியாது.

மாமா ரூல்ஸ்

* பாட்டில் விலையைப் பார்க்காதே, 100 மில்லி விலையைப் பார். ஏர்போர்ட்ல பெரும்பாலும் 1 லிட்டர், இங்கே 750 மில்லி, ஐரோப்பாவுல 700.
* நிறத்தைப் பார்த்து மயங்காதே. ஸ்காட்ச்ல நிறத்துக்காக கேரமல் சேர்க்க சட்டமே அனுமதிக்குது.
* தெரியாத பிராண்டா? 50 மில்லி குட்டி பாட்டில் கிடைச்சா அதை முதல்ல வாங்கு.
* வெளிநாட்டுலேர்ந்து வந்தா ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும்தான் வரியில்லாம கொண்டு வரலாம்.
* எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் கல்லீரலுக்கு டிஸ்கவுண்ட் கிடையாது.

கிளாஸ் முடிஞ்சதும் உண்மையைச் சொல்லிட்டேன். "நீங்க ஃபீஸ் கட்டினீங்கல்ல மாமா... அதுக்கு ஈடா பெருசா ஏதாவது செய்யணும்னு தோணிச்சு."

மாமா சிரிக்கலை. "பாட்டில் வாங்கிக் கொடுத்தா அந்தக் கணக்கு தீராது மாப்ளே. உன் தங்கச்சி அடுத்த வருஷம் காலேஜ் போறா. அவளுக்கு நீ கட்டு. தீர்ந்துடும்."

கட்டிட்டேன். அடுத்த ட்ரிப்ல மாமாவுக்கு 12 வருஷ பிளெண்டட்தான், பெட்டியெல்லாம் இல்லாம. பழைய மரப்பெட்டி? அத்தை ஊசி நூல் போட்டு வச்சிருக்காங்க!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்... பை!