தோகை கிழிந்தால் மகசூல் போச்சா?

ஐப்பசி, கார்த்திகையில் புயல் அடிச்சு ஓய்ந்த மறுநாள் மக்காச்சோளக் காட்டைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். தோகையெல்லாம் நார்நாராகக் கிழிந்து தொங்கும். "எல்லாம் போச்சு" என்று சிலர் ஏர் ஓட்டிவிடுகிறோம். சிலர் மருந்துக்கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்கித் தெளிக்கிறோம். இரண்டுமே அவசர வேலை.

எவ்வளவு தோகை போனது என்பதோடு, எந்தப் பருவத்தில் போனது என்றும் பார்க்கணும். மூன்று வாரப் பயிரில் வளரும் முனை மண்ணுக்குள்தான் இருக்கும். மேலே மொட்டையானாலும், தண்ணீர் தேங்காவிட்டால் துளிர்த்துவிடும். ஆண் பூ வந்தபிறகு புதுத் தோகை கிடையாது. இருக்கிற தோகைதான் மணிக்குச் சோறு போடணும்.

அமெரிக்காவில் ஆலங்கட்டி மழை காப்பீட்டுக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். அதன்படி 7 இலைப் பருவத்தில் எல்லா இலையும் போனாலும் மகசூல் இழப்பு 9 விழுக்காடுதான். ஆண் பூ பருவத்தில் பாதி போனாலே 31 விழுக்காடு. முழுதும் போனால் மகசூலே இல்லை.

இங்கே பேரிடர் நிவாரணம் கிடைக்க 33 விழுக்காடு சேதம் இருக்கணும். ரோட்டிலிருந்து பார்த்தால் கிழிந்த இளம்பயிர்தான் பெரிய சேதமாகத் தெரியும். பாதித் தோகையோடு பச்சையாக நிற்கும் பூப்பருவப் பயிர் "தப்பிச்சிடுச்சு" என்று ஆகிவிடும். உண்மையில் அதுதான் நிவாரண வரம்பை ஒட்டி நிற்கும் பயிர். ஆகவே சேதக் கணக்கில் பயிரின் பருவத்தையும் கட்டாயம் எழுதணும் என்று நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. முதலில் தண்ணீரை வடியுங்கள். ஏழு முதல் பத்து நாள் பொறுங்கள். பிறகு காட்டில் ஐந்து இடத்தில், இடத்துக்கு 20 செடி எண்ணுங்கள். குருத்து வந்ததா, தண்டு ஒடிந்ததா, தோகையின் நடுநரம்பு முறிந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். கிழிந்தாலும் பச்சையாக ஒட்டியிருக்கும் தோகை வேலை செய்யும். அதை இழப்பில் சேர்க்காதீர்கள். புயலுக்கு மறுநாளும் பத்தாம் நாளும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. பூத்த பயிரில் பஞ்சகவ்யா தெளித்தால் போன தோகை திரும்பிவிடும் என்று நம்மவர்களே சொன்னாலும் நம்பாதீர்கள். இயற்கை விவசாயிக்கும் கணக்கு கணக்குதான்.